இடப்பக்கத்து நாற்காலி

நரம்பியல் பிரிவில் அந்தச் செவிலியருக்கு 'மெதுவக்கா' என்றே பெயர். நோயாளி விழுங்கும் ஓசை தொண்டையில் கேட்ட பின்னரே அவருடைய அடுத்த கரண்டி எழும்.

"உங்க கையில ரயிலைக் கொடுத்தா அவ்வளவுதான்க்கா" என்று உடன் பணிபுரிவோர் கிண்டல் செய்வர்.

"ரயிலுக்குப் புரையேறாதே, கண்ணு."

அவருடைய பொறுப்பில் அச்சகத் தொழிலாளி ஒருவர் வந்து சேர்ந்தார். மூளையின் வலப்பாதியில் இரத்தக் குழாய் அடைபட்டிருந்தது. பேச்சு குறையவில்லை, ஆனால் தமக்கு இடப்பக்கம் ஒன்று உண்டு என்பதையே அவர் மனம் கைவிட்டிருந்தது. தட்டின் வலப்பாதியை உண்டு முடித்து, "இவ்வளவுதானா?" என்பார். முகத்திலும் பாதியைத்தான் மழித்துக்கொள்வார். அந்தப் பக்கத்தை நினைவூட்டுவதற்காக, அவருடைய மனைவியை இடப்பக்க நாற்காலியிலேயே உட்காரச் சொன்ன மெதுவக்கா, காரணத்தைச் சொல்ல மறந்துவிட்டார்.

ஒருநாள் முற்பகலில் அந்த அம்மாள் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?"

"மக வீட்டுக்கு, சிஸ்டர். பக்கத்துலயே உக்காந்து தொண்டை வத்தப் பேசுறேன். அந்தப் பக்கத்துச் சுவத்தைப் பாத்து 'ம்'ங்கிறாரு. கோபம் வந்தா மூஞ்சியைத் திருப்பிக்கிற மனுஷன்தான். அதுக்காக இப்பவுமா?"

மெதுவக்காவுக்குச் சுருக்கென்றது.

"தப்பு என்னோடதும்மா. அவரு உங்களை ஒதுக்கல. நீங்க இருக்கிற பக்கமே அவரு மனசுல பதியல. அதைப் பழக்கத்தான் உங்களை அங்க உக்கார வச்சேன்."

அம்மாளின் கையைப் பற்றி, கட்டிலின் கால்மாட்டைச் சுற்றி வலப்பக்கம் அழைத்துச் சென்றார். கணவரின் முகம் மலர்ந்தது.

"இப்பத்தான் உள்ள வரத் தோணுச்சா? குரல் மட்டும் கேக்குது, ஆளைக் காணோம். நீ வெளியவே நின்னு யார்கூட வம்பளக்குறேன்னு பாத்தேன்."

"உங்ககூடத்தாங்க" என்ற அம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"இப்பப் பேசிக்கிட்டே மெல்ல இடப்பக்கம் நகருங்க. அவரு கண்ணு உங்களை விடாம வரணும்" என்றார் மெதுவக்கா.

அம்மாள் நகர்ந்தார். கால்மாட்டின் நடுப்பகுதி வரை தொடர்ந்து வந்த பார்வை அங்கே அறுந்தது.

"ஏய், எங்க போனே?"

அம்மாள் ஓரடி பின்வாங்கி அவர் கண்ணில் பட்டார்.

"ஒளிஞ்சு விளையாடுற வயசா உனக்கு?"

"ஆமா, பிடிங்க பாக்கலாம்" என்று மீண்டும் இடப்பக்கம் அடியெடுத்து வைத்தார் அம்மாள். அவரைத் தவறவிடாமல், கணவரின் கழுத்து சற்றே இடப்புறம் திரும்பியது.