மூன்றை எட்டாக்கினேன்

என் மகளுடைய நாய்க்கு ஊசி போட்ட தேதியை நான் திருத்தினேன். தடுப்பூசி அட்டையில் பதின்மூன்று என்றிருந்ததைப் பதினெட்டு ஆக்கினேன். மூன்றை எட்டாக்க ஒரு வளைவு போதும். அதே நீலப் பேனா என் சட்டைப்பையிலும் இருந்தது.

மகள் ஜெர்மனியில் நர்ஸ். கணவன் இறந்தபின் இரண்டு வருடம் உத்திரமேரூரில் என்னோடு இருந்தாள். அப்போது ஏரிக்கரையில் கிடந்த இந்த நாயைக் குட்டியாக எடுத்து வளர்த்தாள். வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போனதும் அவனையும் அழைத்துக்கொள்ள சென்னையில் ஒரு ஏஜென்ட்டைப் பிடித்தாள். நாயைக் கூண்டுக்குப் பழக்குவதும் ஊசி போட வைப்பதும் என் பொறுப்பு. முதலில் தோலுக்கடியில் அடையாளச் சிப், பிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி என்று ஏஜென்ட் எழுதி அனுப்பியிருந்தார். நான் சரியாகப் படிக்கவில்லை. ஊர்க் கால்நடை மருத்துவமனை இலவச ஊசி முகாம் நடத்தியது, கூட்டிக்கொண்டு போய்விட்டேன். சிப் வைத்தது அதற்கு இரண்டு நாள் கழித்து, பதினைந்தாம் தேதி.

தவறு எனக்குப் புரிந்தபோது ரத்தப் பரிசோதனையும் முடிந்திருந்தது. சிப்புக்கு முன் போட்ட ஊசி செல்லாது; மறுபடி ஊசி, ஒரு மாதம் கழித்து ரத்தம், அதற்குப் பின் மூன்று மாதம் காத்திருப்பு. மகளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காக, ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு மே மாதத்தில் பிறந்தநாள் போட்டவன். யாருக்கும் அதனால் கேடு வந்ததில்லை. அந்தப் பழக்கத்தில்தான் கை போனது.

நாயின் பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஏஜென்ட் பேசினார்.

"அட்டை ஒரிஜினலை அங்க ஏர்போர்ட்டுல பாப்பாங்க சார். வரிசை சரியா இருக்கணும்."

"இல்லன்னா?"

"மாசக்கணக்குல அடைச்சு வைப்பாங்க. இல்ல, திருப்பி அனுப்புவாங்க. எதுக்கும் வழியில்லன்னா ஊசி போட்டுக் கொன்னுடுவாங்க. நம்மளுது கரெக்டா இருக்கு, நீங்க ஏன் பயப்படுறீங்க?"

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அட்டையை வெயிலில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். ஒரு சமயம் எட்டு எட்டாகவே தெரியும். மறுபடி பார்த்தால் நான் போட்ட வளைவு மட்டும் தனியாகத் தெரியும். கூண்டுக்குள் இட்லி வைத்து ஒரு மாதம் பழக்கியிருந்தேன். இப்போது கதவைத் திறந்தாலே அவனாக உள்ளே போய்ச் சுருண்டு படுத்து என்னைப் பார்ப்பான்.

முகாம் பதிவேட்டில் பதின்மூன்று அப்படியே இருக்குமே என்ற நினைப்பு வந்ததும் கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன். அங்கே உதவியாளர் என்னிடம் படித்தவர். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"இன்னா சார், எனக்கே மே மாசம் பொறந்தநாள் போட்டவரு நீங்க. அடைமழையில பொறந்தவன்டா நீன்னு எங்கம்மா இன்னும் சொல்லிக்கினு கீது. ஒரு நாய்க்குப் போயி பேஜார் ஆவுறீங்களே! ரிஜிஸ்டர்தானே, நானே மாத்திடறேன், வுடுங்க."

பேனாவைத் திறந்துவிட்டார். "வேணாம்பா, எழுதாதே," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டில் நின்றே மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நைனா, அவன் செத்திருப்பான். ஏஜென்ட் அனுப்பின பேப்பர்ல, தேதியெல்லாம் சரின்னு கீழ கையெழுத்துப் போட்டவ நானு."

"தெரியும்மா."

"இன்னா தெரியும் உனுக்கு? வெச்சிடு."

டிக்கெட்டை ரத்து செய்தாள். கால்நடை மருத்துவமனை டாக்டரிடம் போய் நான் செய்ததை ஒப்புக்கொண்டேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், மறுபடி ஊசி போட்டு, புது அட்டையைத் தன் கையாலேயே எழுதினார். ஐந்து மாதம் நாய் என்னோடு இருந்தது. அவ்வளவு நாளும் மகள் ஏஜென்ட்டிடம்தான் பேசினாள். எனக்கான சேதி அவர் வழியாக வரும்.

அவன் விமானம் ஏறிய நாள் முழுவதும் போனைக் கீழே வைக்கவில்லை. புது அட்டையில் எல்லாம் சரியென்று தெரிந்தும் பயம் போகவில்லை. மறுநாள் மகளிடமிருந்து ஒரு சொல் வந்தது: "வந்துட்டான்."

இப்போது பேசுகிறாள். ஆனால் பென்ஷன் சம்பந்தமாக ஒரு தாளை அனுப்பினாலும், "தேதிய கிட்டத்துல ஒரு போட்டோ எடுத்து அனுப்பு நைனா," என்கிறாள். நானும் எடுத்து அனுப்புகிறேன்.