தேய்ந்த பல்லுக்கு மெழுகில் முனை வைத்தேன்

1987 ஜூலை, ஒரு வியாழக்கிழமை. மேற்குத் தாம்பரத்தில் நான் பல் கட்டும் மெக்கானிக்காக இருந்த கிளினிக்கில், டாக்டர் என் மேஜைமேல் ஒரு பொட்டலத்தை வைத்தார். உள்ளே உடைந்த அக்ரிலிக் கேப், பல்லின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறை. ஸ்டெல்லா டீச்சரின் ஒரே கீழ்ப் பல்லுக்கு நான் செய்த மூன்றாவது கேப் அது. மூன்று தேதிகளும் என் நோட்டில் இருக்கின்றன.

"என்ன சாமுவேல், அக்ரிலிக்ல ஏதாவது கோளாறா?"

"இல்ல சார். பவுடர், சூடு, நேரம் எல்லாம் சரியாத்தான் வச்சேன்."

"அப்ப டீச்சர் கல்லைக் கடிக்கிறாங்களா? அதுக்கு மேல இருக்கற பல்லும் வலிக்குதாம். எக்ஸ்ரேல சொத்தை இல்ல. ஆனா எடுத்துடுங்கன்னு பிடிவாதமா நிக்கிறாங்க. சனிக்கிழமை வரச் சொல்லிட்டேன்."

ஸ்டெல்லா டீச்சர் இரும்புலியூர்க்காரர். குரோம்பேட்டையில் கணக்கு எடுத்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. இரண்டே நாளில் சொத்தையில்லாத ஒரு பல் போகப் போகிறது.

டாக்டர் வாயில் பசை வைத்து அளவு எடுப்பார். அதில் பிளாஸ்டர் ஊற்றி மாடல் எடுப்பது என் வேலை. அளவில் குமிழி விழுந்தால் மாடலில் மேடு பள்ளம் வரும். அதைக் கத்தியாலும் மெழுகாலும் சரி செய்துகொள்வோம். டீச்சரின் மேல் பற்களில் முனையே இல்லை, தட்டையாக இருந்தன. அளவு இழுபட்டிருக்கிறது என்று நினைத்து, மெழுகால் நானே முனை வைத்தேன். அந்த முனைக்குப் பொருந்தும்படி கேப் செய்தேன். மூன்று முறையும்.

அன்று மதியம் மூன்று மாடல்களிலும் மெழுகைச் சுரண்டி எடுத்தேன். மூன்றிலும் அதே இடத்தில் அதே தட்டை. மேல் மாடலைக் கீழ் மாடல்மேல் வைத்துப் பக்கவாட்டில் நகர்த்தினேன். தட்டையும் தட்டையும் இடைவெளியில்லாமல் உட்கார்ந்தன. அளவில் பிழையில்லை. பல்லோடு பல் உரசி ஆண்டுக்கணக்கில் தேய்ந்திருக்கிறது. மேடு பள்ளத்தோடு நான் செய்த கேப் அந்த உரசலில் மேல் பல்லை இடித்து இடித்து உடைந்திருக்கிறது.

சொல்லப் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை சொல்லிவிட்டேன்.

"மூணு தடவையும் மெழுகு வச்சீங்களா?"

"ஆமா சார்."

"நல்ல வேலை பண்ணீங்க போங்க!" மாடல்களைச் சற்றுநேரம் உரசிப் பார்த்தார். "நானும்தான் கேப்பை மட்டும் பார்த்துட்டு விட்டுட்டேன்."

சனிக்கிழமை டீச்சர் கணவரோடு வந்தார். இம்முறை நானும் எழுந்து போய் நாற்காலி அருகே நின்றேன்.

"தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா?" என்றார் டாக்டர்.

"நானா? சேச்சே!"

கணவர் நிமிர்ந்தார். "நறநறன்னு சத்தம் வருமா டாக்டர்?"

"வரும்."

"அட ஆண்டவரே! எலின்னு நெனச்சு மூணு மாசமா பொறி வைக்கிறேன். எவ்ளோ மசால்வடை வீணாச்சு!"

"ஏங்க, வாயை மூடுங்க."

"நீ மூடறதுலதான் பிரச்சனையே, ஸ்டெல்லா!"

பல் எடுப்பதை டாக்டர் ஒரு மாதம் தள்ளி வைத்தார். மறுபடி அளவு எடுத்தார். இம்முறை மாடலில் நான் கத்தி வைக்கவில்லை. தட்டையான ஒரு கேப்பும், தூங்கும்போது மேல் பற்களில் மாட்டிக்கொள்ள ஒரு அக்ரிலிக் தகடும் செய்தேன். நான்காம் வாரம் வலி போய்விட்டது. பல் தப்பித்தது.

மறு ஆண்டு மார்ச்சில் டீச்சர் தகட்டைக் கொண்டுவந்தார். "சாமுவேல் சார், இது கெட்டுப்போச்சு, பாருங்க. ஒரே குழி."

"கெடல டீச்சர். உங்க பல்லுக்குப் பதிலா இது தேஞ்சிருக்கு."

இத்தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். மாடலில் ஏதாவது விசித்திரமாகத் தெரிந்தால், கத்தியை எடுக்குமுன் எழுந்து போய் வாயைப் பாருங்கள். என் மேஜையிலிருந்து நோயாளியின் நாற்காலி பத்தடி தூரம். அதைக் கடக்க எனக்கு மூன்று கேப் ஆயிற்று.