வலி நின்ற முட்டி

எங்கள் முகப்பேர் பிளாக்கில் எல்லம்மா குடியிருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. குடிதண்ணீர் கீழே அடிபம்பில்தான் வரும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் நின்றபடியே சட்டைகளுக்கு அயர்ன் போட்டு மகனை வளர்த்தவள். ஐம்பதைத் தாண்டியதும் வலது முட்டி வீங்கிக்கொண்டது. படியிறங்கினால் அழுவாள். வேறு வழியில்லாமல் மகன் தினகரன் முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர் தூக்கினான். மருமகள் ராதிகா பாத்திரம் கழுவ ஆள் வைத்தாள். அந்த வீட்டில் எல்லம்மாவுக்கு ஓய்வு வாங்கிக் கொடுத்தது அந்த வலி ஒன்றுதான்.

பிறகு, புது ஊசி ஒன்றைச் சோதனை முறையில் போட்ட ஓர் ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்தார்கள். வீங்கிய மூட்டில் உடம்பே ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அது நரம்பு முனைகளை வளர்த்து உசுப்பிவிடுகிறது. லேசாக மடக்கினாலும் உயிர் போகிறது. அந்தப் புரதத்தைக் கட்டிப்போடுவதுதான் ஊசியின் வேலை. தேய்ந்த மூட்டை அது சரிசெய்யாது. பாரம் தூக்கக்கூடாது என்று அங்கேயே சொல்லித்தான் அனுப்பினார்கள்.

வலி நின்றது. கொஞ்ச நாளில் எல்லம்மா இடுப்பில் குடத்தோடு மாடி ஏறினாள். ராதிகா வேலைக்காரியை நிறுத்திவிட்டாள்.

நான் தரைத்தளத்தில் இருக்கிறேன். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள் என்பதால் எல்லோருக்கும் சிஸ்டர். படியில் மறித்து அவள் முட்டியைத் தொட்டேன். சுட்டது.

"குடத்தை இறக்கு எல்லம்மா. வீக்கம் அப்படியே இருக்கு."

"வலிக்கலியே சிஸ்டர்! வேணும்னா அமுக்கிப் பாரு. நீ ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குற, நான் எப்படிக் கீறேன் பாரு!"

தினகரனிடம் சொன்னேன்.

"அதுக்கே வலிக்கல, உங்களுக்கு இன்னா சிஸ்டர் வலிக்குது?" என்று சிரித்தான்.

அடுத்தடுத்த ஊசிக்குப் போகும்போது செக்கப்பில் பாரம் தூக்குகிறாயா என்று கேட்டால் இல்லை என்று சொல்லச் சொன்னதும் அவன்தான். உண்மையைச் சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்களாம். அவளும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

எக்ஸ்ரே சொல்லிவிட்டது. மூட்டெலும்பு நொறுங்கியிருந்தது. ஊசியை நிறுத்தினார்கள், மூட்டு மாற்ற வேண்டும் என்றார்கள். வலி திரும்பி வந்தது. இந்த முறை படுத்தாலும் விடவில்லை.

வீட்டில்தான் யாரும் நம்பவில்லை. "போன மாசம் வரைக்கும் குடம் தூக்கினியே, இப்போ இன்னாம்மா சீன் போடுற?" என்று தினகரன் கத்தியது கீழே வரை கேட்டது.

நேற்று ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து என் வீட்டுக்கு இறங்கி வந்தாள். ஆபரேஷனைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அந்த ஊசி வெளியில எங்கனா கிடைக்குமா சிஸ்டர்?"

"கிடைக்காது. கிடைச்சாலும் மிச்சமிருக்கிற முட்டியும் போயிடும்."

"போவட்டும். அது போட்டுக்கினு வேலை செஞ்சப்போதான் எம்மருமவ என்னைச் சாப்டியான்னு கேட்டா."

திரும்ப ஏற அவளால் முடியவில்லை. தினகரன் வேலை முடிந்து வரும்வரை என் கட்டிலிலேயே கிடந்தாள்.