வாழை மரத்தைப் பார்த்து அழுத அக்கா

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தேனியில் என் பக்கத்து வீட்டுக் கூடத்தில், ஒரு மனிதரைத் தொலைத்துவிட்டு முழித்துக்கொண்டு நின்றேன்.

கூட்டத்தில் அல்ல. போட்டோவில்!

நான் கேமரா வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள் வாங்கக்கூடிய ஆபத்தில்லாத பொருள் அதுதான் என்று என் மனைவியே சம்மதித்தாள். பாவம், அவளுக்கும் தெரியவில்லை. அப்புறம் யூடியூப் பாடம். கல்யாணப் படத்தில் யாரையும் பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல் நிற்க விடாதே. டியூப்லைட்டை நம்பாதே, ஜன்னல் பக்கம் நிறுத்து. முக்கியமாக, பின்னணி சுத்தமாக இருக்க வேண்டும்... எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தேன்.

குடித்ததைக் காட்ட ஒரு கல்யாணம் வேண்டுமே? பக்கத்து வீட்டுத் தமிழரசி அக்காவின் மகள் யாழினிக்கு வியாழக்கிழமை கம்பத்தில் கல்யாணம். அவர்கள் அமர்த்திய போட்டோகிராபர் ஒருவர் இருந்தார். இருந்தால் என்ன? நானும் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன்.

மாப்பிள்ளை சுருளிப்பட்டிக்காரர். திராட்சைத் தோட்டம். முகூர்த்தத்துக்கு முன்னால் ஜன்னல் ஓரம் நிறுத்தினால், ஹெட்மாஸ்டர் அறைக்கு வெளியே நிற்கிற பையன்போல் நிற்கிறார்.

"மாப்ள, கேமராவப் பாக்காதீக. பொண்ணப் பாருங்க."

"பாத்தா எல்லாரும் சிரிக்கிறாகண்ணே."

"சரி, கையில எதையாச்சும் பிடிங்க. கை சும்மா தொங்குது."

பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டார். அந்தப் படத்தைப் பார்த்தால், பாட்டிலைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறவர் மாதிரி இருக்கிறார். அப்புறம், "பொண்ணோட மாலை கோணியிருக்கு, சரி பண்ணி விடுங்க" என்றேன். அவர் மாலையைத் திருத்த, யாழினி குனிந்து சிரித்துவிட்டாள். அடடா... போஸ் கொடுக்கச் சொல்லாதீர்கள், வேலை கொடுங்கள். நான் அன்றைக்கு உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

கெட்டிமேளம் கொட்டியது. போட்டோகிராபர் தாலி முடிச்சுக்கு வெகு அருகே லென்ஸைக் கொண்டுபோய்விட்டார். நான் பின்னால் நகர்ந்து மேடை மொத்தத்தையும் எடுத்தேன். ஒரே ஒரு படம்.

அதைக் கேமராவின் சின்னத் திரையில் பார்த்துவிட்டு அக்கா சொன்னார்: "இத மட்டும் பெருசா பிரேம் போட்டுக் கொண்டா தம்பி. எங்கண்ணே ஞாயித்துக்கெழம வர்றாக, பொண்ணு மாப்ளைய விருந்துக்குக் கூட்டிட்டுப் போக. அவுக கையில குடுக்கணும்."

அண்ணன் ராசாங்கத்தின் கதை எங்கள் தெருவுக்கே தெரியும். சண்டைக்கு அப்புறம் குடிவந்த எனக்கு முகம்தான் தெரியாது. வருசநாட்டில் இலவந்தோப்பு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் யாழினி வயசுக்கு வந்தபோது அடித்த சடங்குப் பத்திரிகையில் அவர் பேர் விட்டுப்போனது. அச்சடித்தவரின் கைப்பிழை. ஆனால் தாய்மாமன் பேர் இல்லாமல் ஒரு சடங்குப் பத்திரிகையா? அன்றைக்குப் படி இறங்கியவர், தங்கச்சி வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்துவிட்டார் என்று மண்டபத்தில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். எனக்கு எங்கே கவனம்? நான்தான் கலைஞனாயிற்றே!

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் போனில் ஏற்றினேன். சகிக்கவில்லை. சிவப்புப் பிளாஸ்டிக் சேர். தொங்குகிற வயர். ஓரத்து வாழை மரத்தை ஒட்டி, பாதித் தோள் வெட்டுப்பட்டு, துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு யாரோ ஒருவர். போதாக்குறைக்கு அக்கா, மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்காமல், வேறெங்கோ பார்த்துக் கண் கலங்கிக்கொண்டிருக்கிறார்.

விரலால் தேய்த்தால் வேண்டாததை அழித்துக் கொடுக்கிற வசதி போனில் இருக்கிறது. தேய்த்தேன். சேர் போயிற்று. வயர் போயிற்று. அந்த ஆளும் போயிற்று. அவர் நின்ற இடத்தில் போன் தானாகவே இரண்டு வாழை இலையை வரைந்து வைத்தது. என்ன அழகு! அசல் படம் எதற்கு, அசிங்கம் என்று தூக்கிப் போட்டேன். கேமரா கார்டையும் துடைத்துவிட்டேன்.

ஞாயிறு காலை. அக்கா பிரேமை வாங்கி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"தம்பி... எங்கண்ணே எங்க?"

"வந்துருவாகக்கா. இப்பத்தான மணி பத்து?"

"ஏலே, படத்துல எங்கடா? இந்தா, இங்கன, இந்த வாழ மரத்துக்கிட்டதான நின்னாக!"

இத்தனை வருஷமாகத் தம்பியாக இருந்தவன் ஒரு நொடியில் ஏலே ஆகிவிட்டேன். படத்தைப் பார்த்தேன். அக்கா கண்ணீர் மல்க வாழை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடைக்கு வர மாட்டேன்னு அங்கனயே நின்னாகடா. நான் திரும்பிப் பாத்தேன். அவுகளும் பாத்தாக. அம்புட்டுத்தான். பதினோரு வருசம் தீந்துபோச்சு. அதுக்குத்தானடா இந்தப் படத்தக் கேட்டேன்... பதினோரு மணி பஸ்ஸுல வந்துருவாக."

பேர் விட்டுப்போனதற்கே பதினோரு வருஷம் என்றால், ஆளே விட்டுப்போனதற்கு? எப்படி யோசித்தாலும் என் ஆயுசுக்குள் சமாதானம் வராது.

"கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான்க்கா!" என்று பிரேமைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். அசல் படத்துக்கு எங்கேயாவது ஒரு பிரதி இருக்காதா என்று வீட்டில் மேஜை இழுப்பறை, சட்டைப் பை, அரிசி டப்பா வரை தேடினேன். அரிசி டப்பாவில் எப்படி இருக்கும்? பயத்துக்கு அதெல்லாம் தெரியுமா?

"என்னத்தத் தேடுறீக?" என்றாள் மனைவி.

"ஒரு ஆள. அழிச்சுட்டேன்."

அவள் பதறவே இல்லை. "போன்ல குப்பத்தொட்டின்னு ஒண்ணு இருக்கே, அங்கன பாத்தீகளா?"

இருந்தார். என் கட்டைவிரல் படம் நாலுக்கும், மங்கலான கத்தரிக்காய்க்கும் நடுவே, துண்டைச் சுருட்டிக்கொண்டு கம்பீரமாக நின்றார் ராசாங்கம்!

ஸ்டூடியோவில் கெஞ்சிக் கூத்தாடிப் புதுப் பிரதி போட்டு, பிரேமில் மாற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். அக்கா பிரேமைக் கொடுத்தார். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கண்ணாடி மேல் விரலை வைத்து, தங்கச்சி முகத்திலிருந்து தன் முகம் வரைக்கும் ஒரு கோடு இழுத்தார்.

"ஏத்தா, தாலி கட்டயில நீ என்னையவா பாத்துக்கிட்டிருந்த?"

"பின்ன? தாலியத்தான் ஊரே பாக்குதே."

காபி ஆறிப்போனது.

எந்த யூடியூப் வாத்தியாரும் சொல்லித் தராத பாடம் இது. பின்னணியைச் சுத்தம் பண்ணுவதற்கு முன்னால், படத்தில் இருப்பவர்களின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். நமக்கு அது குப்பை. அவர்களுக்கு அதுதான் படம்.

தத்துவம் தோன்றிய நிம்மதியில் நான் மெல்ல நழுவப் பார்த்தேன். ராசாங்கம் என் பக்கம் திரும்பினார்.

"படம் நல்லாருக்கு தம்பி. அந்தச் செவப்புச் சேரை மட்டும் எடுத்துருக்கலாம். இப்பல்லாம் போன்லயே அழிச்சுரலாமாம்ல?"

"அப்படியாண்ணே?" என்றேன். "எனக்கு அதெல்லாம் தெரியாதே!"