பேருந்துத் தடத்தில் ஒரு ஜோடிப் பாதம்

சின்ன அத்தை வரைந்த பாதங்களின் மேல் நின்றிருந்த ஒருவர்மீது, மாமா ஓட்டிவந்த பேருந்து ஏறப் பார்த்தது. நின்ற வண்டிக்கும் அவருடைய நெஞ்சுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. அந்த அதிர்ச்சியிலிருந்து எங்கள் குடும்பம் இன்னும் முழுதாக மீளவில்லை. ஆயினும் நடந்ததை ஒழுங்காக எழுதிவைப்பது நல்லது என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்துபோகும் ஒவ்வொருவரும் கண், காது, மூக்கு வைத்து அதை வெவ்வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அத்தைக்கு வேலை சாலையில் கோடு போடுவது. மாநகரச் சாலைத் துறையில் அதற்கென்று சில குழுக்கள் உண்டு. லாரியின் மேல் ஒரு கொப்பரையில் வெள்ளை வண்ணத் தூள் உருகிக் கொதிக்கும். அதைத் தள்ளுவண்டிப் பெட்டியில் பிடித்துக் கை நடுங்காமல் தள்ளிக்கொண்டு போனால் பின்னால் கோடு விழும். ஆறுவதற்குள் கண்ணாடிப் பொடி தூவ வேண்டும். வண்டி விளக்கு பட்டதும் கோடு மின்னுவது அதனால்தான். அம்பு, மிதிவண்டி, நடைபாதைக்கான பாதம் போன்ற குறிகளுக்கு இரும்புத் தகட்டில் வெட்டிய அச்சுகள் இருக்கின்றன. வீடு திரும்பும்போது அத்தையின் தலைமுடியெல்லாம் உருகிய வண்ணத்தின் வாடை வீசும். “எங்க வீட்டுல சென்ட் வாங்குற செலவே கிடையாது” என்பார்.

அச்சு குளிர்ந்திருந்தால் வண்ணம் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதல் ஊற்றை ஓரமாக நடைபாதையில் ஊற்றி அச்சைச் சூடேற்றுவார்கள். இறுகியபின் அந்தக் குறியை உளியால் பெயர்த்துவிடுவார்கள். இது எல்லாக் குழுக்களுக்கும் வழக்கம். ஒருநாள் பாத அச்சைச் சூடேற்றியவுடன் லாரியை அவசரமாக வேறிடத்துக்கு அழைத்துவிட்டார்கள். மறுநாள் காலை, விட்டுப்போன பாதங்களைப் பெயர்க்க உளியோடு போனார் அத்தை. அலுவலகப் பை மாட்டிய ஒருவர் இரண்டு காலணிகளையும் அச்சுப் பிசகாமல் அந்தப் பாதங்களில் பொருத்திக்கொண்டு, மோவாயைத் தூக்கி நின்றுகொண்டிருந்தார்.

“சார், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?”

“இருங்கம்மா, இன்னும் கண்டுபிடிக்கல.”

“எதை?”

“இங்க நின்னு எதையோ பாருங்கன்னுதானே போட்டிருக்காங்க? அது என்னன்னு…” என்று இழுத்தவர் திடீரென்று வாய்விட்டுச் சிரித்தார். “அடேயப்பா! குதிரைமேல இருக்கிற ஆளு சுருட்டு பிடிக்கிறாரும்மா! வந்து பாருங்க!”

அத்தை போய் நின்று பார்த்தார். சதுக்கத்தின் நடுவில் குதிரைமீது வாளேந்திய கற்சிலை. அதற்கு வெகுதூரம் பின்னால் ஒரு ரொட்டித் தொழிற்சாலையின் புகைபோக்கி. அந்த ஓர் இடத்தில் நின்றால் மட்டும், புகை வீரரின் வாயிலிருந்து சுருள் சுருளாகக் கிளம்பியது. அரை அடி நகர்ந்தால் ஒன்றுமே இல்லை. அத்தைக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சதுக்கத்தைச் சுற்றிப் பல ஆண்டுகளாக அவர்தான் கோடு போடுகிறார். ஒருமுறைகூடத் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை. உளியைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்.

அதற்குப் பின் அவர் நடை மாறிற்று. எந்தத் தெருவிலும் அரை அடி முன்னே, அரை அடி பின்னே, ஒரு கண்ணை மூடி, தலையைச் சாய்த்து நின்றுவிடுவார். வெளியூர்த் திருமணத்துக்கு ரயிலில் போனபோது நடைமேடையிலும் அப்படி நின்றதைப் பார்த்து, கழுத்துச் சுளுக்கு என்று எண்ணி உறவினர்கள் தைலம் கொடுத்தார்கள். அத்தையும் சமர்த்தாகத் தேய்த்துக்கொண்டார். அந்த நடைமேடையில் ஓர் இடத்தில் நின்று பார்த்தால் தண்ணீர்த் தொட்டி, நிலைய அதிகாரியின் அறைக்குத் தொப்பி போட்டுவிட்டிருந்ததாம். நம் ஊரிலேயே, தபால் நிலைய மூலையில் நின்றால் இரண்டு கடிகாரங்கள் ஒரே கட்டடத்தின் இரு கண்களாகி, வெவ்வேறு நேரம் காட்டி முழிக்கும்.

அச்சைச் சூடேற்றும் முதல் ஊற்றை, கண்டுபிடித்து வைத்த இடங்களில் ஊற்றத் தொடங்கினார். நடைபாதையில் மட்டும், அதிலும் ஓரமாக. குழுவின் மேஸ்திரி கண்டும் காணாமல் இருந்தார். அவர் ஓய்வு பெறவிருந்தார். அவருடைய இடத்துக்கு அத்தையைப் பரிந்துரைத்தாயிற்று, துறைப் பொறியாளரின் கையெழுத்து மட்டுமே பாக்கி. உத்தரவில்லாமல் ஒரு புள்ளி வைத்தாலும் வேலை போய்விடும் என்பது அத்தைக்குத் தெரியும். அதனால் வீட்டில்கூட மூச்சு விடவில்லை.

இப்படி இரண்டு ஆண்டு ஓடியது. பேருந்துச் சம்பவம் நடந்த அன்று மதியம், மாமா தம் பணிமுறை முடியுமுன்பே வீட்டுக்கு வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தண்ணீர்ச் செம்பை வாங்கியவர் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க ஆச்சு?”

“பஸ் ஸ்டாண்டுல திரும்புறேன். தடத்துக்கு நட்ட நடுவுல ஒரு ஆளு. காலடி போட்டிருக்காங்க தரையில, அதுல காலை வச்சுக்கிட்டு, வாயைப் பொளந்துக்கிட்டு மேல பாக்குறான். ஹாரன் அடிக்கிறேன், காதுலயே விழல. பிரேக்கை மிதிச்சதுல பின்னாடி இருந்தவங்க எல்லாம் முன்னாடி வந்துட்டாங்க. எந்த மடப்பய பஸ் போற இடத்துல காலு வரைஞ்சான்னு தெரியல!”

அத்தை சட்டென்று எழுந்தார். செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போனார்.

பேருந்து நிலையத்தின் முன்முற்றத்தில், அப்போது பயணிகள் நிற்கும் நடைபாதையாக இருந்த மூலையில், அத்தை ஒரு ஜோடிப் பாதம் போட்டிருந்தது உண்மை. அண்மையில் முற்றத்தை மாற்றியமைத்து, அந்த மூலையைப் பேருந்துகள் திரும்பும் தடமாக்கிவிட்டார்கள். அது வேறு குழுவின் பகுதி. அத்தைக்குத் தகவல் இல்லை. ஆனால் அங்கே கண்டதுதான் அவரை நிலைகுலைய வைத்தது. புதிய தடத்தின் கோடுகள் பளிச்சென்று நேராக வந்து, பாதங்களுக்கு முன்னால் நின்று, அவற்றை மரியாதையாகச் சுற்றி வளைந்து, மறுபடி நேராகப் போயிருந்தன. மங்கியிருந்த பாதங்களின் மீது யாரோ புதிதாகக் கண்ணாடிப் பொடியும் தூவியிருந்தார்கள்.

அந்தக் குழுவில் கோடு போடுகிறவரை அங்கிருந்தே கைப்பேசியில் அழைத்தார்.

“ஏன்பா, அதை மூடாம விட்டீங்க?”

“யாரு குறின்னு தெரியாம அதுமேல பூசக் கூடாதுல்லக்கா? நீங்கதானே எங்களுக்கே அதைச் சொல்லிக் குடுத்தீங்க? மேலிடத்துக் குறி போலன்னு அழகா விலக்கிப் போட்டோம். மங்கலா இருந்துச்சு, கொஞ்சம் பளபளப்பும் பண்ணிவிட்டோம். நல்லா இருக்கா?”

அத்தை அழைப்பைத் துண்டித்தார்.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். மாமா செம்பைக் கீழே வைத்தார்.

“அந்தக் குதிரைக்காரன் சுருட்டு?”

“அதுவும் நான்தான்.”

“அடிப்பாவி! ரெண்டு வருஷமா டீ குடிக்கிற நேரத்துல அங்கதான் போய் நிக்கிறேன். உன்கிட்ட சொன்னா, வயசான காலத்துல இது என்ன கூத்துன்னு நீ சிரிப்பியேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நீ போட்டதுக்கா நான் உனக்கு பயந்தேன்?”

சிரிக்கத் தொடங்கிய மாமா பாதியில் நிறுத்தினார். “சொல்லாம விட்டுரலாம்மா. யார் போட்டதுன்னு யாருக்குத் தெரியும்? மேஸ்திரி வேலை கைக்கு வந்துருச்சு.”

“அந்த ஆளு செத்திருந்தா, நீங்க கொன்னதா ஆயிருக்கும். போட்டது நான்.”

மறுநாள் காலை இருவரும் பொறியாளர்முன் நின்றார்கள். அத்தை சொல்லச் சொல்ல அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“எந்த உத்தரவுல போட்டீங்க?”

“உத்தரவு இல்ல சார்.”

“பின்ன எதுக்கும்மா?”

“பாக்க நல்லா இருந்துச்சு சார்.”

முப்பதாண்டுப் பணியில் இப்படி ஒரு காரணத்தை அவர் கேட்டதே இல்லையாம். கோபப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில், பரிந்துரையை ரத்து செய்வதாகவும், வேலையை மட்டும் விட்டுவைப்பதாகவும், பேருந்துத் தடத்தில் உள்ளதை அன்றே தேய்த்து அழிக்கவேண்டும் என்றும் சொன்னார். நடைபாதையில் உள்ளவற்றைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, அத்தையும் கேட்கவில்லை.

தரை தேய்க்கும் இயந்திரத்தோடு அத்தை தடத்தில் இறங்கினார். மாமா தம்முடைய பேருந்தைக் குறுக்கே நிறுத்தி, விளக்குகளைச் சிமிட்டவிட்டு மறித்துக்கொண்டார். பயணிகள் இறங்கிவந்து திட்டினார்கள். பிறகு பாதங்களைக் கண்டு ஒருவர் அதில் ஏறி நின்றார்.

“ஐயோ, இங்க பாருங்களேன்! கோர்ட்டு கோபுரத்துல கொடி கட்டி யாரோ துணி காயப்போட்டிருக்காங்க! மேல சட்டை, காலுறை, எல்லாம் தொங்குது!”

எங்கோ ஒரு மொட்டைமாடியின் கொடி அது. அந்த ஓரிடத்திலிருந்து பார்க்கும்போது, நீதிமன்றக் கோபுரத்தில் ஒரு முனையும் வானொலிக் கம்பத்தில் மறுமுனையும் கட்டியதுபோல் இருக்கும். நொடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. திட்டியவர்களே வரிசை கட்டினார்கள். நகரம் தலை நிமிர்ந்து பார்க்கவேண்டும் என்று இரண்டு ஆண்டு யாருக்கும் தெரியாமல் பாடுபட்ட அத்தை, கையை விரித்துக் கத்தினார்.

“பாக்காதீங்க! ஒருத்தரும் பாக்க வேண்டாம்! வண்டில ஏறுங்க!”

“ஒரே ஒரு தடவைம்மா. இன்னும் நான் பாக்கல.”

“நேத்து ஒருத்தரு இங்க செத்திருப்பாரு. ஓட்டுனது இவருதான், கேளுங்க. ஏறுங்கன்னா ஏறுங்க!”

இயந்திரத்தை முடுக்கினார். வெள்ளைத் தூசி கிளம்பி எல்லோருடைய கண்ணையும் மறைத்தது.

இன்றும் அத்தை அதே குழுவில், வேறொரு மேஸ்திரியின் கீழ், கோடுதான் போடுகிறார். புதிதாக எங்கும் பாதம் ஊற்றுவதில்லை. விடுமுறை நாளில் மாமாவோடு கிளம்பி, மிச்சமுள்ள ஒவ்வொரு ஜோடியாகப் போய்ப் பார்த்துவருகிறார். மாமா மேலே பார்ப்பார். அத்தை சுற்றுமுற்றும் பார்ப்பார்: நடைபாதை இன்னும் நடைபாதையாகத்தான் இருக்கிறதா, பக்கத்தில் யாராவது புதிதாகக் குழி தோண்டுகிறார்களா, தடுப்புக் கம்பியை நகர்த்தியிருக்கிறார்களா என்று. பையில் உளி இருக்கும்.