மூக்குச் சிவந்த கமலா

தென்சீனாவில் சாவ்சோ ஊரின் ஆற்றோரத்தில் நூற்றிருபது கமலா ஆரஞ்சு மரங்கள் வைத்திருந்த பெக்சூனுக்கு ஒன்றே ஒன்று மிச்சம். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம், மகளுக்குத் தூர ஊரில் வேலை. பேச்சுத் துணைக்கு அந்த மரம்தான் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். அவன் சிரிக்க மாட்டான்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் அண்ணன் புக்லிம்மின் தோப்பு. நாலு வருடத்துக்கு முன், நோய் கண்ட மரங்களை வெட்டச் சொல்லி அண்ணன் வந்து நின்றான்.

"உன் மரத்துப் பூச்சி நாளைக்கு என் தோப்புல வந்து உக்காரும்டா. வெட்டித் தொலை."

"காய்க்கிற மரத்துல கோடாலி வைக்கச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

அன்றோடு பேச்சு நின்றது. மரங்கள் ஒவ்வொன்றாகத் தாமே செத்தன. வீம்புக்கு மருந்து ஏது?

இந்த வருடம் புத்தாண்டு நெருங்கும்போது ஆராய்ச்சி நிலையத்திலிருந்து சின்யாவ் என்ற வடக்கத்திப் பெண் சோதனைக்கு இலை பறித்துப்போக வந்தாள்.

"இதுக்கு ஏன் மாமா மஞ்சள் டிராகன் நோய்னு பேரு?"

"டிராகனும் இல்ல, ஓணானும் இல்ல. எங்க பேச்சுல டிராகனும் 'லெங்', கொழுந்தும் 'லெங்'. கொழுந்து மஞ்சளாகுது, அவ்வளவுதான். டிராகன்னு படிச்சவன் உங்க ஊர்க்காரனா இருப்பான்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வீட்டு வாசலில் யாரோ சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"உரம் வெச்சேன், தண்ணி விட்டேன். ஏம்மா பட்டினி கெடக்குது?"

"இலை சமைக்கிற சாப்பாடு வேருக்குப் போகல மாமா. மரத்துக்குள்ள காவல் காக்குற புரதங்கள் இருக்கு. நோய் வந்ததும் சிலது குறைஞ்சுடுது. சிலது தலைகால் தெரியாமப் பெருகி, கிருமியைத் தடுக்கிறேன்னு சாறு போற குழாயையே அடைச்சுடுது. பாதிக்கு மேல, மரம் தன் கதவைத் தானே சாத்திக்கிட்டுதான் சாகுது."

"பிழைக்காதா?"

"பிழைக்காது மாமா."

அவள் போன பிறகு அவன் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தான். தானே கதவைச் சாத்திக்கொண்டது மரம் மட்டுமா? அவனுக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் காலை மரத்தை வெட்டினான். இரண்டு பழம் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டான். காம்புப் பக்கம் மட்டும் சிவந்து, அடி பச்சையாகவே நின்ற பழங்கள். நோயாளி மரம் அப்படித்தான் பழுக்கும். மூக்குச் சிவந்தது என்பார்கள்.

புத்தாண்டன்று பெரியவர்கள் வீட்டுக்கு இரண்டு கமலாவோடு போக வேண்டும். வீட்டார் அதை வாங்கிக்கொண்டு வேறு இரண்டைத் திருப்பித் தருவார்கள். கொண்டு போனதையே திருப்பித் தந்தால், இனி இந்தப் படி ஏறாதே என்று அர்த்தம். கடையில் நல்ல பழம் கிடைக்காமல் இல்லை. ஆனால் மரம் போனது அண்ணனுக்குத் தெரிய வேண்டுமே! அந்த இரண்டையே எடுத்துக்கொண்டு, நாலு வருடமாக மிதிக்காத கால்வாய்ப் பலகையைத் தாண்டினான்.

அண்ணன்தான் கதவைத் திறந்தான்.

"வெட்டிட்டேன் அண்ணே. கடைசி மரத்துப் பழம்."

புக்லிம் பழங்களை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். அவற்றோடு உள்ளே போனான். பெக்சூன் வாசலிலேயே நின்றான். அதே பழங்களோடு வந்துவிட்டால்?

வந்தான். கையில் இருந்தவை வேறு இரண்டு பழங்கள்.

அப்பாடா என்று கை நீட்டி வாங்கிய பிறகுதான் பெக்சூன் பார்த்தான். இரண்டுக்கும் மூக்குச் சிவந்திருந்தது.

"எப்ப இருந்துண்ணே?"

"மூணு வருஷமாச்சு. உள்ள வாடா, டீ ஆறுது."