பல்புப் பெட்டியில் ஒரு கறை

அந்த அட்டைப்பெட்டியின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. செகந்திராபாத்தை ஒட்டிய மல்காஜ்கிரி வீட்டைக் காலிசெய்து வந்து வருடங்கள் ஆகிவிட்டன; அதை மட்டும் தூக்கிப் போட மனம் வரவில்லை. அது ரத்தம். நான் அடித்து வந்த ரத்தம்.

அப்போது எனக்கு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அலுவலகத்தில் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பேன். வீட்டுக்கு வந்தால் கை நீளும். தட்டு, டம்ளர், ரிமோட், ஒருமுறை மீன்தொட்டி என்று உடைப்பேன். இணையத்தில் பொருள் வாங்குவது பரவத் தொடங்கிய காலம் அது. புது வீட்டுக்கு ஆறு சிஎஃப்எல் பல்புகளை நானே தேர்ந்தெடுத்து வாங்கினேன். வந்தவை எல்லாம் திருகி மாட்டுபவை. எங்கள் வீட்டு ஹோல்டர்களோ இரண்டு பின் வைத்து மாட்டுபவை. படத்தைச் சரியாகப் பார்க்காதது என் தவறுதான். ஆனாலும் கடைக்குப் போன் போட்டு ஹிந்தியில் கத்தினேன். எடுத்தவர் பொறுமையாக, எந்த மாதிரி ஹோல்டர் என்று கேட்டார். பல்பு என்றால் பல்புதானே என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை அவரே இரண்டு வகைப் பல்புகளோடும் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். அதே ஊரில் உப்பல் பகுதியில் ஒற்றை அறையில் நடக்கும் கடை. போனை எடுப்பதும் பொருளைக் கொண்டுவருவதும் அவர்தான். தவறு யாருடையதானாலும் மாற்றித் தருகிறேன் என்று ஹிந்தியில் சொன்னார். குத்திக்காட்டுகிறார் என்று எனக்குப் பட்டது. அவர் தாயைச் சேர்த்துத் தமிழில் ஒரு வசவு விட்டேன். பழைய பெட்டியிலிருந்த பல்புகளை ஒவ்வொன்றாகக் கூடத்துத் தரையில் ஓங்கி அடித்தேன். தடுக்க வந்தவரின் முகத்தில் ஒரு குத்து விட்டேன். புருவம் பிளந்து, பெட்டியின் மேல் ரத்தம் சொட்டியது.

திருப்பி அடிப்பார் என்று முஷ்டியை மடக்கியபடியே நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் பார்த்தார். கூடத்தின் மறுமுனையிலிருந்து என் ஒன்பது மாத மகள் தவழ்ந்து வந்துகொண்டிருந்தாள். கண்ணாடிச் சில்லுகளை மிதித்துக்கொண்டு ஓடி, அவளை அள்ளியெடுத்து என் மனைவியிடம் கொடுத்தார்.

"கொழந்தைய வெளிய கொண்டுபோங்கம்மா. இதுல பாதரசம் இருக்கு. சார், ஃபேன நிறுத்துங்க, ஜன்னல தொறங்க."

தமிழ். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பமாம். நான் விட்ட வசவு ஒரு சொல் விடாமல் அவருக்குப் புரிந்திருந்தது. வெட்கத்தில் துடைப்பத்தை எடுத்தேன். "தொடப்பம் நக்கோ, வேணாம் சார், தூள் பறக்கும். ஈரப் பேப்பர் குடுங்க" என்றார். முட்டிபோட்டு, சில்லுகளை அட்டையால் அள்ளி, தரையை ஒற்றி எடுத்தார். பிறகு ஸ்டூலில் ஏறி ஆறு பல்புகளையும் மாட்டி, ஒவ்வொன்றாக எரியவிட்டுக் காட்டினார். ஒரு கையால் புருவத்தைக் கைக்குட்டையோடு அழுத்திக்கொண்டே செய்தார்.

"கொறை ஏதாச்சும் இருந்தா கூப்புடுங்க சார். நம்பர் பெட்டி மேலயே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

என் மனைவி கோயம்புத்தூர்க்காரி, கோபத்திலும் மரியாதை குறையாது. உள்ளே வந்து எரியும் பல்புகளைப் பார்த்தாள். "நீங்க ஒடச்சத என்னையத் தவுத்து இன்னொருத்தரு அள்ளி இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்" என்றாள். அந்த வாரமே குழந்தையோடு ஊருக்குப் போனவள், திரும்பி வர ஒரு வருடம் ஆனது.

அதன்பின் நான் யார்மேலும் கை வைக்கவில்லை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது பெட்டியை எடுத்த மகள், இது என்ன கறை என்று கேட்டாள். வசவை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அவர்கிட்ட ஸாரி சொன்னீங்களாப்பா?" என்றாள்.

பெட்டியின் மேல் அந்த எண் இன்னும் அழியாமல்தான் இருக்கிறது. நான் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை.